வளர்பருவ நாய்க்குட்டியின் விளையாட்டுக் கடி

விளையாட்டுக் கடி என்பது, நாய்க்குட்டி தன்னோடு பழகும் மனிதர்களின் கை, கால், ஆடை ஆகியவற்றை வாயால் கவ்வுதல், மெல்லுதல், பல் பட இழுத்தல் ஆகிய செயல்களைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இதனைச் செல்லக் கடி என்றும் கூறுவர். பிறந்த சில வாரங்களிலேயே தொடங்கும் இப்பழக்கம், பல குட்டிகளில் நான்கைந்து மாதங்களில் குறைவதுபோல் தோன்றும். பின்னர் ஆறு முதல் பத்து மாத வயதுக்குள் திடீரென்று முன்னைவிட வலுவாகத் திரும்பும். "நேற்றுவரை பூனைபோல் மடியில் கிடந்த குட்டி இன்று கையைக் கவ்வுகிறதே" என்று வீட்டார் திகைப்பது இந்த வயதில்தான். இது பெரும்பாலும் வளர்ச்சியின் ஒரு கட்டமே. நோயும் அன்று, நன்றி கெட்ட குணமும் அன்று. ஆயினும் முறையாகக் கையாளாவிட்டால் நாய்க்கும் மனிதருக்கும் தீங்கு நேரும்.

இக்கட்டுரை இப்பழக்கத்தின் காரணங்கள், கையாளும் முறைகள், பல் பட்டால் செய்ய வேண்டியவை ஆகியவற்றைப் பழவேற்காடு ஏரிக்கரை மீனவ ஊர்களின் வாழ்க்கைச் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

பழவேற்காட்டுச் சூழல்

பழவேற்காடு ஏரி ஆந்திரப் பிரதேசம், தமிழ்நாடு ஆகிய இரு மாநிலங்களிலும் பரந்துள்ள உவர்நீர் ஏரியாகும். ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. ஸ்ரீஹரிகோட்டா தீவு இதனை வங்காள விரிகுடாவிலிருந்து பிரிக்கிறது. ஏரியின் தென்பகுதி திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் அமைந்துள்ளது. லைட்ஹவுஸ் குப்பம், கோட்டைக்குப்பம், கோரைக்குப்பம் முதலிய ஊர்களின் மக்கள் ஏரியையும் கடலையும் நம்பி வாழ்கின்றனர். இறால், நண்டு, மடவை ஆகியவை இங்குள்ள முக்கியப் பிடிப்புகள்.

இவ்வூர்களில் காணப்படும் நாய்களில் மிகுதியானவை நாட்டு நாய்கள். ஒரு வீட்டார் சோறு வைப்பர். ஆனால் நாய் தெரு முழுவதற்கும் சொந்தமாக இருக்கும். நகரத்து அடுக்குமாடி வீட்டில் வளரும் குட்டிக்கும் இந்தக் குட்டிக்கும் வேறுபாடுகள் பல. அவற்றுள் நான்கு, கடிக்கும் பழக்கத்தோடு நேரடியாகத் தொடர்புடையவை.

முதலாவது, மீன் வாடை. வலையிலிருந்து மீனைக் கழற்றுவோர், மீன் அறுப்போர், கருவாடு காயப்போடுவோர் ஆகியோரின் கைகளில் மீன் வாடை எப்போதும் இருக்கும். குட்டிக்கு அந்தக் கை உணவைப் போலவே மணக்கும். நக்கத் தொடங்கி மெல்லுவதில் முடியும்.

இரண்டாவது, தூக்கி எறியும் பழக்கம். மீன் தலையைக் கையில் பிடித்து ஆட்டிக் காட்டி, குட்டி எம்பிக் குதித்துப் பறிப்பதைப் பார்த்துச் சிறுவர்கள் மகிழ்வர். இரண்டு மாதக் குட்டி பறிப்பது வேடிக்கை. எட்டு மாதத்தில் அதே குட்டி அதே வேகத்தில் பறிக்கும்போது விரலும் சேர்ந்து பல்லில் சிக்கும்.

மூன்றாவது, அசையும் பொருள்கள். கைலியின் நுனி, சேலைத் தலைப்பு, இழுபடும் வலை, ஓடும் சிறுவனின் கால் ஆகிய அனைத்தும் குட்டியின் துரத்தும் இயல்பைத் தூண்டுபவை.

நான்காவது, நேரம். இரவிலோ விடியற்காலையிலோ தொழிலுக்குச் சென்றவர் பகலில் உறங்குவார். மீன் விற்கச் சென்ற பெண்கள் திரும்ப நேரமாகும். ஆகவே குட்டி நாளின் பெரும்பகுதியைச் சிறுவர்களோடு கழிக்கிறது. கடி படுவோரும் அவர்களே.

குட்டியின் வளர்ச்சிப் பருவங்கள்

நாய்க்குட்டிக்குப் பால் பற்கள் 28. வளர்ந்த நாய்க்கு நிலைப் பற்கள் 42. பால் பற்கள் மூன்றாவது வாரம் முதல் முளைக்கத் தொடங்கும். சுமார் நான்காவது மாதத்தில் இவை விழத் தொடங்கி, ஆறு அல்லது ஏழு மாதங்களுக்குள் நிலைப் பற்கள் முழுமையாக வந்துவிடும். இக்காலத்தில் ஈறு ஊறுவதால் கிடைத்ததையெல்லாம் குட்டி மெல்லும்.

அமெரிக்காவைச் சேர்ந்த ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகிய ஆய்வாளர்கள் நாய்களின் நடத்தை பற்றிய தங்கள் நீண்டகால ஆய்வை 1965-இல் நூலாக வெளியிட்டனர். பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரம் வரையிலான காலமே ஒரு குட்டி மற்ற உயிர்களோடு பழகக் கற்றுக்கொள்ளும் முக்கியப் பருவம் என்பதை அவர்கள் விளக்கினர். கடியின் அளவைக் கற்பதும் இப்பருவத்தில்தான். உடன்பிறந்த குட்டியை அழுத்திக் கடித்தால் அது கத்திக்கொண்டு விலகிவிடும், விளையாட்டு நின்றுவிடும். தாயின் மடியை வலிக்கக் கடித்தால் தாய் உறுமி எழுந்துவிடும். இவ்வாறு "இவ்வளவு அழுத்தினால் வலிக்கும்" என்ற பாடத்தைக் குட்டி தன் குடும்பத்திடம் கற்கிறது. இதனைக் கடி அடக்கம் எனலாம். கண் திறந்தவுடனே தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவரப்படும் குட்டிக்கு இப்பாடம் முழுமையாகக் கிடைப்பதில்லை. எனவே எட்டு வாரம் நிரம்பும் முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதிருப்பது நல்லது.

சுமார் ஆறாம் மாதத்தில் வளர்பருவம் தொடங்குகிறது. இது ஒன்றரை வயது வரையிலும், பெரிய உடல் கொண்ட இனங்களில் இரண்டு வயது வரையிலும் நீடிக்கலாம். நம் வீட்டுப் பிள்ளைகளின் பதின்பருவத்துக்கு ஒப்பானது இது. நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசி ஆஷரும் குழுவினரும் வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்ட குட்டிகளை ஆராய்ந்து, 2020-இல் பயாலஜி லெட்டர்ஸ் என்னும் ஆய்விதழில் முடிவுகளை வெளியிட்டனர். ஐந்து மாத வயதில் "உட்கார்" என்றால் உட்கார்ந்த குட்டிகள், எட்டு மாத வயதில் தம்மை வளர்ப்பவரின் சொல்லைக் குறைவாகவே கேட்டன. வியப்பு என்னவெனில், அதே வயதில் அந்நியர் சொன்னால் அவை கேட்டன. பெற்றோர் பேச்சைக் கேட்காத பிள்ளை ஆசிரியர் சொன்னால் கேட்பதைப் பள்ளியில் காணலாம். ஏறத்தாழ அதுபோன்றதே இது. இந்நிலை நிலையானதன்று; வளர்பருவம் முடிந்தபின் நாய்கள் மீண்டும் சொல் கேட்கின்றன.

திடீரெனக் கடிக்கத் தொடங்குவதற்கான காரணங்கள்

பெரும்பாலான நேரங்களில் பழக்கம் புதிதாக முளைப்பதில்லை. அதன் விளைவுதான் புதிது. பால் பல் ஊசிபோல் கூர்மையானது. ஆனால் சிறு குட்டியின் தாடைக்கு வலு இல்லை. எட்டு மாதத்தில் தாடை வலுத்து, நிலைப் பற்கள் நீண்டுவிடுகின்றன. முன்பு சிரித்துக்கொண்டே கை கொடுத்தவர் இப்போது "ஐயோ" என்று கையை உதறுகிறார். குட்டிக்கோ அந்த உதறலே புதிய விளையாட்டாகிவிடுகிறது. இதனோடு பின்வரும் காரணங்களும் சேரும்.

1. வெளியேற்றப்படாத ஆற்றல்: நாள் முழுவதும் கட்டிவைக்கப்பட்ட குட்டி, அவிழ்த்துவிட்டவுடன் பாய்ந்து கவ்வும்.

2. உறக்கக் குறைவு: குட்டிகள் ஒரு நாளில் பெரும்பகுதியை உறங்கியே கழிக்க வேண்டியவை. மீன் வந்து இறங்கும் நேரத்தின் கூச்சல், சிறுவர்களின் ஆட்டம் ஆகியவற்றால் உறக்கம் கெட்ட குட்டி, மாலையில் அடம்பிடிக்கும் குழந்தையைப் போலாகும்.

3. கவனத்தைப் பெறுதல்: அமைதியாகப் படுத்திருக்கும் குட்டியை எவரும் பார்ப்பதில்லை, கடித்தால் எல்லோரும் திரும்பிப் பார்க்கின்றனர். திட்டுவதும் குட்டிக்கு ஒருவகைக் கவனமே.

4. வலி: விழாமல் நின்றுவிட்ட பால் பல், காதில் சீழ், உண்ணி மொய்த்த புண், மீன் முள் குத்திய வாய் ஆகியவை தொட்டால் கடிக்கச் செய்யும். கெளுத்தி மீனின் முள் வாயிலோ பாதத்திலோ ஏறுவது கடற்கரை நாய்களுக்கு நேரக்கூடியதே.

5. அச்சமும் பாதுகாப்பும்: உண்ணும்போது தட்டை இழுத்தல், உறங்கும்போது மிதித்தல், மூலையில் மடக்கிப் பிடித்தல் ஆகியவற்றால் வரும் கடி விளையாட்டுக் கடி அன்று.

விளையாட்டுக் கடியும் சினக் கடியும்

இரண்டையும் வேறுபடுத்தி அறிவது மிக முக்கியம். விளையாட நினைக்கும் குட்டி முன்கால்களைத் தாழ்த்திப் பின்பகுதியைத் தூக்கி நிற்கும். அதன் உடல் தளர்ந்து வளைந்து ஆடும், வாய் திறந்திருக்கும், வால் உடலோடு சேர்ந்து ஆடும். கவ்வும், விடும், மீண்டும் கவ்வும்.

சினமோ அச்சமோ கொண்ட நாயின் உடல் விறைத்துவிடும். பார்வை ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும் அல்லது கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரப் பார்வை பார்க்கும். உதடு சுருண்டு பல் தெரியும்; உறுமல் ஆழமாக இருக்கும்; பிடரி மயிர் சிலிர்க்கும்; வால் விறைத்து நிற்கும் அல்லது கால்களுக்கிடையே ஒடுங்கும். வால் ஆடினால் நாய் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது என்று முடிவு செய்யக்கூடாது. விறைத்த உடலில் வால் மட்டும் ஆடுவது எச்சரிக்கையாகவும் இருக்கலாம். "குரைக்கிற நாய் கடிக்காது" என்பது பழமொழிக்குப் பொருந்தும்; நாய்க்குப் பொருந்தாது.

இரண்டாம் வகைக் குறிகள் காணப்பட்டால் கீழ்க்காணும் வீட்டுப் பயிற்சிகள் மட்டும் போதா. கால்நடை மருத்துவரின் ஆலோசனை தேவை.

கடிக்கும் நேரத்தில் செய்ய வேண்டியவை

அசைவை நிறுத்துதல்: கையை வேகமாக இழுக்கக்கூடாது. இழுத்தால் தோல் கிழியும். துரத்தும் ஆசையும் கூடும். கையைத் தளர்த்தி அசையாமல் வைத்தால், குட்டியின் பிடி பெரும்பாலும் தளரும்.

ஒரே சொல்: "விடு" என்று தாழ்ந்த குரலில் ஒரு முறை சொன்னால் போதும். ஒருவர் "சீ" என்றும், மற்றொருவர் "அடி வாங்குவே" என்றும், வேறொருவர் "வேணாம்டா செல்லம்" என்றும் சொன்னால் குட்டி எதையும் கற்காது.

மாற்றுப் பொருள்: பழைய பருத்தித் துணியைத் தடித்த முடிச்சாகக் கட்டி, நல்ல தண்ணீரில் நனைத்துக் கொடுக்கலாம். ஊறும் ஈறுக்கு ஈரத்துணி இதமாக இருக்கும். கடைகளில் கிடைக்கும் கெட்டி ரப்பர் பொம்மையும் ஏற்றதே. கிழிந்த நைலான் வலை, மீன்பிடி நரம்பு, தூண்டில் முள் தொங்கும் கயிறு ஆகியவற்றை ஒருபோதும் கொடுக்கக்கூடாது. விழுங்கிய நைலான் நூல் குடலில் சிக்கி உயிரையே பறிக்கும்.

விளையாட்டை நிறுத்துதல்: விட்டவுடன் மீண்டும் கவ்வினால், பேசாமல் எழுந்து முதுகைக் காட்டித் திரும்பி நிற்க வேண்டும் அல்லது அரை நிமிடம் கதவுக்கு அப்பால் சென்றுவிட வேண்டும். பின் திரும்பி வந்து அமைதியாகப் பழக வேண்டும். உடன்பிறந்த குட்டி கற்றுக்கொடுத்த அதே பாடம்தான் இது: கடித்தால் விளையாட்டு முடிந்துவிடும்.

முதல் சில நாள்களில் கடி குறையாமல் கூடுவதுபோல் தோன்றும். இதுவரை பலன் தந்த செயல் திடீரெனப் பலன் தராதபோது, விலங்கு அதையே இன்னும் தீவிரமாகச் செய்து பார்க்கும். அணையப் போகும் விளக்கு சுடர்விட்டு எரிவது போன்றது இது. பலர் "இந்த வழி சரிப்படாது" என்று கைவிடுவது இந்த இடத்தில்தான். அந்த நாள்களைப் பொறுமையுடன் கடந்துவிட்டால் மாற்றம் புலப்படும்.

செய்யக் கூடாதவை

அடித்தல், வாயை இறுக்கிப் பிடித்தல், மூக்கில் சுண்டுதல், கழுத்தைப் பிடித்துத் தரையில் அழுத்துதல், கையில் மிளகாய்ப்பொடி பூசிக் கடிக்கவைத்தல் ஆகியவை தவறான முறைகள். இவற்றால் குட்டி கடிக்கக்கூடாது என்று கற்பதில்லை. மனிதக் கை ஆபத்தானது என்றே கற்கிறது. அவ்வாறு கற்ற நாய், பின்னாளில் தடவ வரும் கையையும் அஞ்சிக் கடிக்கும்.

உறுமியதற்காக அடிப்பதும் தவறு. உறுமல் என்பது நாய் கொடுக்கும் முன்னறிவிப்பு. அடித்து உறுமலை நிறுத்திவிட்டால், அறிவிப்பின்றிக் கடிக்கும் நாய்தான் உருவாகும்.

கையையே விளையாட்டுப் பொருளாக்கி "பிடி, பிடி" என்று சீண்டுவதை வீட்டில் உள்ள அனைவரும் நிறுத்த வேண்டும். அண்ணன் சீண்டி விளையாட, தங்கை கடி படுவது பல வீடுகளில் நடப்பதே.

நாள்தோறும் செய்யத்தக்க பயிற்சி

கடியைத் தடுப்பதைவிடக் கடிக்கத் தேவையில்லாத நாளை அமைப்பது எளிது. இதற்குத் தனியாகப் பணமோ கருவியோ தேவையில்லை.

காலை: படகுகள் கரைக்கு வரும் நேரத்தில் குட்டியை அங்கே அலையவிடாமல், அதற்கு முன்பே கயிற்றில் பிடித்து நடத்தி வரலாம். மணல் சூடேறும் முன் நடப்பது பாதங்களுக்கு நல்லது. மோந்து பார்க்க நேரம் கொடுத்து நடத்தினால் குட்டி விரைவில் நிறைவடையும்.

உணவு: மீன் தலையை ஆட்டிக் காட்டாமல் தட்டில் வைத்தே கொடுக்க வேண்டும். தட்டை வைக்கும் முன் "இரு" என்று சொல்லி, குட்டி பின்வாங்கி நின்றவுடன் வைக்க வேண்டும். சில நாள்களில் தட்டைக் கண்டாலே தானாக நிற்கும். கரையில் ஒதுக்கப்படும் பேத்தை மீனை நாய் வாய்வைக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்; அதன் நஞ்சு உயிருக்கு ஆபத்தானது. உப்பேறிய கருவாட்டுத் துண்டுகளை உணவாக்கக்கூடாது. ஏரி நீர் உவர்ப்பானது என்பதால், நல்ல தண்ணீரை நிழலில் ஒரு சட்டியில் எப்போதும் வைத்திருக்க வேண்டும்.

கை: மீன் வேலை முடிந்து வருபவர், குட்டியைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவினால் பாதிச் சிக்கல் குறையும்.

பண்டமாற்று: குட்டி செருப்பையோ வலை மிதவையையோ கவ்விக்கொண்டு ஓடினால் துரத்தக்கூடாது. சிறு மீன் துண்டைக் காட்டி, அது வாயைத் திறக்கும் கணத்தில் "விடு" என்று சொல்லிப் பொருளை வாங்கிக்கொள்ள வேண்டும். பலமுறை செய்தபின் சொல்லே போதுமானதாகும்.

ஓய்வு: பகலில் ஆள் நடமாட்டமில்லாத நிழலில் குட்டி உறங்க ஓர் இடம் வேண்டும். அங்கே படுத்திருக்கும்போது எவரும் தொடக்கூடாது என்பது வீட்டு விதியாக இருக்கட்டும்.

பாராட்டு: குட்டி கடிக்காமல் அருகில் அமர்ந்திருக்கும்போது அதைக் கவனித்து, மெல்லத் தடவி, ஒரு துண்டு உணவு கொடுக்க வேண்டும். நல்ல நடத்தையைக் கண்டுகொள்ளாமல் தவற்றை மட்டும் கண்டிக்கும் வகுப்பறை எப்படித் தேறாதோ, அப்படியே இதுவும்.

சிறுவர்களுக்கான விதிகள்

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையையும் வளர்பருவ நாயையும் பெரியவர் துணையின்றி ஒன்றாக விட்டுச் செல்லக்கூடாது. பள்ளி செல்லும் சிறுவர்களுக்குப் பின்வரும் விதிகளை விளையாட்டாகவே கற்பிக்கலாம்.

- நாய் பாய்ந்து வந்தால் ஓடாதே. மரம்போல் நில். கைகளை உடலோடு சேர்த்து வை. கால் விரலைப் பார்.
- கீழே விழுந்துவிட்டால் கல்போல் சுருண்டு கிட. கைகளால் கழுத்தையும் காதையும் மூடிக்கொள்.
- உண்ணும் நாய், உறங்கும் நாய், குட்டி ஈன்ற நாய் ஆகியவற்றின் அருகே போகாதே.
- வாலையோ காதையோ இழுக்காதே, முதுகில் ஏறாதே.
- பல் பட்டால், சிறு கீறலானாலும், அன்றே வீட்டில் சொல்.

கடைசி விதி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. அடி விழும் என்றோ, குட்டியைக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்றோ அஞ்சிச் சிறுவர்கள் கடியை மறைப்பது உண்டு. "சொன்னால் உன்னையும் அடிக்க மாட்டோம், நாயையும் அடிக்க மாட்டோம்" என்று பெரியவர்கள் முன்கூட்டியே உறுதி கொடுக்க வேண்டும். அந்த உறுதி ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

பல் பட்டால்: வெறிநாய்க்கடி நோய்

வெறிநாய்க்கடி நோய் எனப்படும் ரேபீஸ், அறிகுறி தோன்றியபின் ஏறத்தாழ எப்போதும் மரணத்தில் முடியும். ஆனால் உரிய நேரத்தில் தடுப்பூசி போட்டால் தடுக்கக்கூடியது. உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. மனிதருக்கு வரும் ரேபீஸில் 99 சதவீதம் வரை நாய்கள் மூலமே பரவுகிறது. இறப்போரில் சுமார் 40 சதவீதத்தினர் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

"குட்டிதானே, வெறி இருக்காது" என்பது தவறான எண்ணம். தடுப்பூசி போடாத குட்டிக்கும் ரேபீஸ் வரும். அதன் கடியும் நோயைப் பரப்பும். "தண்ணீரைக் கண்டு அஞ்சாத நாய்க்கு வெறி இல்லை" என்பதும் தவறு. நீரச்சம் மனித நோயாளியிடம் காணப்படும் அறிகுறி; நோயுற்ற நாய் ஏரியில் இறங்கவும் கூடும்.

உலக நலவாழ்வு அமைப்பு, விலங்கோடு நேரும் தொடர்பை மூன்று வகையாகப் பிரிக்கிறது.

முதல் வகை: நாயைத் தொடுதல், உணவளித்தல், காயமில்லாத தோலை நாய் நக்குதல். இதற்குத் தடுப்பூசி தேவையில்லை.

இரண்டாம் வகை: திறந்த தோலைப் பல்லால் மெல்லுதல், இரத்தம் வராத சிறு கீறல். இதற்குத் தடுப்பூசி தேவை.

மூன்றாம் வகை: தோலைத் துளைத்த கடி, இரத்தம் வரும் கீறல், ஏற்கனவே காயமுள்ள தோலிலோ கண், வாய் போன்ற மென்படலத்திலோ நாயின் எச்சில் படுதல். இதற்குத் தடுப்பூசியோடு, ரேபீஸ் எதிர்ப்புப் புரதமும் காயத்தைச் சுற்றிச் செலுத்தப்பட வேண்டும்.

மூன்றாம் வகையின் கடைசிப் பகுதியை மீனவ ஊர்களில் உள்ளோர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வலைக் கயிறு அறுத்த விரல், இறாலின் தலைமுள் குத்திய உள்ளங்கை, நண்டு கவ்விய கை, சிப்பி கிழித்த கால் ஆகியவை இங்கே அன்றாடம் காணப்படுபவை. இத்தகைய கையைக் குட்டி வாயில் வைத்து விளையாடினால், அது புதிதாகக் கடிக்காவிட்டாலும், எச்சில் பழைய காயத்தில் படுகிறது. ஆகவே காயமுள்ள கையைக் குட்டியின் வாயருகே கொண்டு செல்லவே கூடாது. எச்சில் பட்டுவிட்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பல் பட்டவுடன் செய்ய வேண்டியவை:

1. காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். குழாய் இல்லையெனில் குடத்து நீரைச் சொம்பில் மொண்டு தொடர்ந்து ஊற்றலாம். உவர்நீரில் சோப்பு சரியாக நுரைக்காது. நல்ல தண்ணீரே ஏற்றது. குடிநீர் அரிதான ஊரிலும் இதில் சிக்கனம் கூடாது.

2. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், எண்ணெய் எதையும் காயத்தில் பூசக்கூடாது. இறுக்கிக் கட்டக்கூடாது.

3. அன்றே அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ செல்ல வேண்டும். தடுப்பூசி அங்கே இலவசம். "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடக்கூடாது. தாமதமாகிவிட்டாலும் செல்லாமல் இருக்கக்கூடாது.

4. எல்லாத் தவணைகளையும் முடிக்க வேண்டும். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், அதன்பின் 3, 7, 28-ஆம் நாள்கள் என நான்கு முறை போடப்படுகிறது.

5. நாயைக் கொல்லவோ விரட்டவோ கூடாது. பத்து நாள் அதனைக் கவனிக்க வேண்டும். பத்து நாளும் அது நலமாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் நோய்க்கிருமி இல்லை என்று பொருள். ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று காத்திராமல் தடுப்பூசியை உடனே தொடங்க வேண்டும். தொடர்வதா, நிறுத்துவதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

முதியோர் பலருக்குத் "தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி" என்ற அச்சம் இன்றும் உண்டு. விலங்கின் நரம்புத் திசுவிலிருந்து தயாரிக்கப்பட்ட பழைய தடுப்பூசி அவ்வாறுதான் வயிற்றில் போடப்பட்டது. நீலகிரி மாவட்டம் குன்னூரில் 1907-இல் நிறுவப்பட்ட பாஸ்டர் நிறுவனம் தென்னிந்தியாவில் இந்நோய்த் தடுப்புக்கு முன்னோடியாக விளங்கியது. நரம்புத் திசுத் தடுப்பூசி இந்தியாவில் 2005-ஆம் ஆண்டளவில் கைவிடப்பட்டது. இப்போது போடப்படும் ஊசி கையில்தான், வலியும் குறைவு. பழைய அச்சத்தால் இன்றைய சிகிச்சையைத் தவிர்ப்பது பெரும் பிழை.

குட்டிக்கு மூன்று மாதம் நிரம்பியவுடன் முதல் ரேபீஸ் தடுப்பூசி போட வேண்டும். மருத்துவர் கூறும் காலத்தில் அடுத்த ஊசியும், பின் ஆண்டுதோறும் ஒன்றும் தேவை. அரசு கால்நடை மருந்தகங்களை இதற்கு அணுகலாம். லூயி பாஸ்டரின் நினைவு நாளான செப்டம்பர் 28 உலக ரேபீஸ் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நாளையொட்டித் தடுப்பூசி முகாம்களும் நடைபெறுவதுண்டு.

மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டிய நிலைகள்

- விளையாட்டின் குறி எதுவுமின்றி, விறைத்த உடலோடு கடித்தல்
- குறிப்பிட்ட இடத்தைத் தொட்டால் மட்டும் கடித்தல்
- ஏழு மாதத்துக்குப் பின்னும் பால் பல் விழாமல் நிலைப் பல்லோடு சேர்ந்திருத்தல்
- உணவருகே வருவோர் அனைவரையும் கடித்தல்
- குரல் மாறுதல், தாடை தொங்குதல், எச்சில் ஒழுகுதல், விழுங்க இயலாமை, தள்ளாட்டம், காரணமின்றிக் கல்லையும் மரத்தையும் கடித்தல்

கடைசியாகக் கூறப்பட்டவை ரேபீஸின் அறிகுறிகளாக இருக்கலாம். அத்தகைய நாயை எவரும் தொடக்கூடாது. வாய்க்குள் முள் சிக்கியிருக்கிறதா என்று கைவிட்டுப் பார்க்கவும் கூடாது. மீன் முள் சிக்கிய நாயும் ரேபீஸ் கண்ட நாயும் ஒரேபோல் எச்சில் ஒழுக்கும் என்பதால் கடற்கரை ஊர்களில் இந்த எச்சரிக்கை தேவையாகிறது. சிறுவர்களை அப்பால் அனுப்பிவிட்டுக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கருத்தடை பற்றி ஒரு விளக்கம்: கருத்தடை அறுவை தேவையற்ற இனப்பெருக்கத்தைத் தடுக்கும், துணை தேடி அலைவதையும் குறைக்கும். ஆனால் அது விளையாட்டுக் கடிக்கு மருந்தன்று. பயிற்சியின் இடத்தை அறுவை நிரப்பாது.

கைவிடுதலும் அதன் விளைவும்

ஏழெட்டு மாத நாய் கடிக்கத் தொடங்கியவுடன் அதனைச் சாக்கில் கட்டி வேறோர் ஊரில் விட்டுவருவது, படகில் ஏற்றி அக்கரையில் இறக்கிவிடுவது ஆகியவை எளிய தீர்வாகத் தோன்றலாம். ஆனால் அவை தீர்வல்ல. கடி அடக்கம் கல்லாத நாய் அங்கும் கடிக்கும். அங்கே அதற்குத் தடுப்பூசி போட எவரும் இல்லை. பட்டினியால் துன்புறும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

கைவிடப்படும் குட்டியின் கதி என்னவாகும் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. கொல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழுவினர் தெருநாய்களின் 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்தனர். இனப்பெருக்க வயதை எட்டியவை 19 சதவீதமே. நிகழ்ந்த இறப்புகளில் 63 சதவீதத்துக்கு மனிதர்களின் செயல்கள் காரணமாயின. 2016-இல் இம்முடிவுகள் வெளியாயின. வீட்டு வாசலில் எட்டு மாதம் வரை வளர்ந்து நிற்கும் ஒரு நாட்டு நாய், பல இடர்களைத் தாண்டி வந்த உயிர் என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

கட்டுப்பாடின்றி அலையும் நாய்களால் சூழலுக்கும் கேடு உண்டு. பழவேற்காடு பறவைகள் புகலிடம். குளிர்காலத்தில் பூநாரைகள் இங்கே கூட்டம் கூட்டமாக இரை தேடும். இக்கடற்கரையில் ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். நாய்கள் பறவைகளைத் துரத்துவதும் ஆமை முட்டைகளைத் தோண்டித் தின்பதும் கடற்கரைகளில் அறியப்பட்ட சிக்கல்களே. இரவில் வீட்டருகே கட்டி, பகலில் அவிழ்த்து நடத்திப் பழக்கிய நாய் இதில் ஈடுபடாது.

முடிவுரை

வளர்பருவ நாயின் கடி, பெரும்பாலும் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரையிலான சோதனை. அக்காலத்தில் வீட்டார் செய்ய வேண்டியவை மூன்று: எல்லோரும் ஒரே முறையைக் கடைப்பிடித்தல், தடுப்பூசியைத் தவறவிடாதிருத்தல், பல் பட்டதை மறைக்காத சூழலைக் குழந்தைகளுக்கு உருவாக்குதல். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பர். ஆனால் நாயின் எட்டாம் மாதம் இன்னும் வளையும் வயதுதான். இந்தச் சில மாதங்களைப் பொறுமையோடு கடந்துவிட்டால், இரவில் தொழிலுக்குச் செல்பவருக்கு வீட்டு வாசலில் ஒரு காவலும், விடியலில் படகு வரும் திசையைப் பார்த்துக் காத்திருக்க ஓர் உயிரும் கிடைக்கும்.